சிகரெட்டை விட்டு வேப்புக்கு மாறினால் இதயம் தப்புமா?

2019 செப்டம்பரில் இந்திய அரசு அவசரச் சட்டம் போட்டு, வேப் எனப்படும் இ-சிகரெட்டைத் தடை செய்தது. தயாரித்தாலோ விற்றாலோ முதல் முறைக்கே ஓராண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2023 ஏப்ரலில் பிரிட்டன் அரசு அதே கருவியைப் பத்து லட்சம் பேருக்கு இலவசமாகக் கொடுத்து, அவர்களைச் சிகரெட்டிலிருந்து மீட்கப் போவதாக அறிவித்தது. ஒரு நாட்டில் கைது செய்ய வேண்டிய பொருள், இன்னொரு நாட்டில் சிகிச்சைக் கருவி. இத்தனைக்கும் இரு நாட்டு மருத்துவர்களும் படிக்கிற ஆய்விதழ்கள் ஒன்றேதான். இந்தியாவில் சிகரெட்டுக்குத் தடையில்லை என்பதையும், அது தெருமுனைப் பெட்டிக்கடையில் சில்லறையாகவே கிடைக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால் குழப்பம் கூடத்தான் செய்யும்.

இந்த விவாதம் பெரும்பாலும் நுரையீரலையும் புற்றுநோயையும் சுற்றியே நடக்கிறது. இதயம் பின்வரிசையில் நிற்கிறது. ஆனால் உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட கணக்குப்படி, புகையிலையால் வரும் இதய நோயில் ஆண்டுக்குச் சுமார் 19 லட்சம் பேர் இறக்கிறார்கள். இதயத் தமனி நோயால் நேரும் சாவுகளில் இது ஏறத்தாழ ஐந்தில் ஒன்று. ஆகவே சிகரெட்டை விட்டு வேப்புக்கு மாறுகிறவருக்கு என்ன லாபம் என்று கேட்டால், இதயத்தைத் தனியாக எடுத்து வைத்துப் பார்ப்பது அவசியம். இதயம் போடும் கணக்கு நுரையீரல் போடும் கணக்கு அல்ல.

சிகரெட் இதயத்தை மூன்று வழிகளில் தாக்குகிறது. முதலாவது கார்பன் மோனாக்சைடு. இது ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும். அதனால் இதயத் தசைக்குப் போக வேண்டிய ஆக்சிஜன் குறைகிறது. இரண்டாவது, புகையில் இருக்கும் நுண்துகள்களும் அக்ரோலின் போன்ற வேதிப்பொருள்களும். இவை தமனியின் உட்படலத்தைக் காயப்படுத்தி, தட்டணுக்களை ஒட்டும் தன்மை கொண்டவையாக்கி, இரத்தம் உறைவதைத் துரிதப்படுத்துகின்றன. மூன்றாவது நிகோட்டின். அது அட்ரினலினை எழுப்பி இதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் கூட்டுகிறது. வேப்பில் எரிவது எதுவும் இல்லை. கிளிசரினும் புரோப்பிலீன் கிளைக்காலும் கலந்த திரவத்தைச் சிறு கம்பிச்சுருள் சூடாக்கி ஆவியாக்குகிறது. எனவே கார்பன் மோனாக்சைடு ஏறக்குறைய இல்லை. நச்சுப் பொருள்களும் சரிகின்றன. போலந்தில் பிறந்த ஆய்வாளர் மாசெய் கோனிவிச்சின் குழு 2014இல் அளந்தபோது, வேப் ஆவியில் இருந்த நச்சுகள் சிகரெட் புகையில் இருப்பதைவிட 9 மடங்கு முதல் 450 மடங்கு வரை குறைவாக இருந்தன. நுண்துகள்கள் மட்டும் அப்படி ஒழிந்துவிடவில்லை. நிகோட்டினும் இருக்கவே செய்கிறது.

நச்சு பத்தில் ஒன்றாகக் குறைந்தால் ஆபத்தும் பத்தில் ஒன்றாகிவிடும் என்று நினைக்கத் தோன்றும். புற்றுநோயில் அந்த நினைப்பு ஓரளவு செல்லும். இதயத்தில் செல்லாது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த ஆலன் ஹாக்‌ஷாவும் அவர் குழுவினரும் 2018இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்ட தொகுப்பாய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. நாளைக்கு 20 சிகரெட் பிடிப்பவருக்கு இதயத் தமனி நோயில் எவ்வளவு கூடுதல் ஆபத்தோ, அதில் ஏறத்தாழ பாதி, நாளைக்கு ஒன்றே ஒன்று பிடிப்பவருக்கும் உண்டு. முதல் சிகரெட்டிலேயே ஆபத்து செங்குத்தாக ஏறிவிடுகிறது. பிறகு வருகிற பத்தொன்பதும் மீதிப் பாதியைத்தான் சேர்க்கின்றன. “குறைச்சிட்டேன் டாக்டர், இப்போ ரெண்டே ரெண்டுதான்” என்று பெருமையாகச் சொல்கிறவரின் இதயம் அந்தப் பெருமையில் பங்கு கொள்வதில்லை. வேப் பற்றிய ஆய்வுகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்வதாகத் தோன்றும் இடங்களில் பலவும் இந்த வளைகோட்டை மனதில் வைத்துப் படித்தால் அவிழ்ந்துவிடுகின்றன.

மாறுகிறவரின் தமனியில் உண்மையில் என்ன நடக்கிறது என்பதை அருகில் நின்று பார்த்தது, ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஜேக்கப் ஜார்ஜ் நடத்திய வெசுவியஸ் ஆய்வு. பிரிட்டிஷ் ஹார்ட் ஃபவுண்டேஷன் பணம் கொடுத்தது. முடிவு 2019இல் வெளியானது. நாளைக்குக் குறைந்தது 15 சிகரெட் பிடிக்கும், இதய நோய் இல்லாத 114 பேர் இதில் சேர்ந்தார்கள். சிகரெட்டை விட மனமில்லாத 40 பேர் அப்படியே புகைத்தார்கள். மற்றவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, 37 பேருக்கு நிகோட்டின் உள்ள வேப்பும் 37 பேருக்கு நிகோட்டின் இல்லாத வேப்பும் கொடுத்தார்கள். காலம் ஒரு மாதம்.

அளந்த விதத்தையும் சொல்ல வேண்டும். படுத்திருப்பவரின் முழங்கைக்கு மேலே, தமனிக்கு நேராக அல்ட்ராசவுண்ட் கருவியை வைத்து அதன் விட்டத்தைக் குறித்துக்கொள்வார்கள். பிறகு முன்கையில் பிரஷர் பார்க்கும் பட்டையைக் கட்டி, இரத்தம் போகாதபடி ஐந்து நிமிடம் இறுக்கி வைப்பார்கள். கை மரத்துப் போய் வெளுக்கும். பட்டையைத் தளர்த்தியதும் தேங்கிய இரத்தம் பாய்கிறது. ஆரோக்கியமான தமனி அந்தப் பாய்ச்சலை உணர்ந்து நைட்ரிக் ஆக்சைடைச் சுரந்து தன்னை விரித்துக்கொடுக்கும். எத்தனை சதவீதம் விரிகிறது என்பதுதான் மதிப்பெண். விரிவதும் விரியாததும் வெங்காயச் சருகைவிட மெல்லியதான ஓர் உட்படலத்தின் கையில் இருக்கிறது. அளவு வேறுபாடு மில்லிமீட்டரின் பத்தில் சில பங்குதான். ஆனால் இந்த மதிப்பெண் ஒரு புள்ளி உயர்ந்தால் பிற்காலத்தில் மாரடைப்பு போன்ற நிகழ்வுகள் சுமார் 13 சதவீதம் குறைவதாக முந்தைய தொகுப்பாய்வுகள் சொல்லியிருக்கின்றன.

வேப்புக்கு மாறியவர்களின் மதிப்பெண், புகைத்துக்கொண்டே இருந்தவர்களோடு ஒப்பிட்டால், ஒரே மாதத்தில் ஏறக்குறைய ஒன்றரைப் புள்ளி உயர்ந்தது. பெண்களுக்கு லாபம் கூடுதல். எனக்கு இந்த ஆய்வில் முக்கியமாகப் படுபவை வேறு இரண்டு. நிகோட்டின் உள்ள வேப் பிடித்தவர்களுக்கும் இல்லாததைப் பிடித்தவர்களுக்கும் இந்த அளவையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அப்படியானால் உட்படலத்தை முடக்கி வைத்திருந்தது முக்கியமாகப் புகைதான். இரண்டாவது, மூச்சில் கார்பன் மோனாக்சைடை அளந்து, யார் உண்மையிலேயே சிகரெட்டை நிறுத்தினார், யார் இடையிடையே ஒரு தம் அடித்தார் என்று பார்த்தார்கள். சுத்தமாக நிறுத்தியவர்களுக்கே லாபம் அதிகம். ஆய்வின் குறைகளும் வெளிப்படையானவை. சிகரெட்டைத் தொடர்ந்த கூட்டம் குலுக்கலில் வந்ததல்ல, தானே தேர்ந்துகொண்டது. ஒரு மாதம் என்பது இதய நோயின் காலக்கணக்கில் ஒன்றுமே இல்லை. தமனி விரிவது நல்ல சகுனம். மாரடைப்பு தவிர்ந்தது என்பதற்குச் சான்று ஆகாது.

இதற்கு நேர்மாறாகத் தோன்றும் ஆய்வுகளும் உண்டு. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 2019இல், புகைப்பழக்கமே இல்லாத 31 இளம் வயதினருக்கு நிகோட்டின் இல்லாத வேப்பைக் கொடுத்து, 16 முறை இழுக்கச் சொல்லி, எம்ஆர்ஐயில் தொடைத் தமனியைப் பார்த்தார்கள். விரியும் திறன் 34 சதவீதம் குறைந்திருந்தது. கிரேக்கத்தில் விளாகோபூலஸ் குழு 2016இல் காட்டியது இது: அரை மணி நேரம் வேப் பிடித்தால் மகாதமனி விறைப்பது, ஐந்து நிமிடம் சிகரெட் பிடித்தால் விறைப்பதற்குச் சமம். லாஸ் ஏஞ்சலிஸில் ஹோலி மிடில்காஃப் குழு, வழக்கமாக வேப் பிடிப்பவர்களின் இதயத் துடிப்பில் அட்ரினலின் நரம்புகளின் கை ஓங்கியிருப்பதைக் கண்டது. சான் பிரான்சிஸ்கோவில் 2022இல் வெளியான ஆய்வில், நெடுநாள் வேப் பிடிப்பவர்களின் தமனி விரியும் திறன் சிகரெட் பிடிப்பவர்களைப் போலவே குன்றியிருந்தது.

நாளிதழ்கள் இவற்றை ‘வேப்பும் சிகரெட்டும் ஒன்றே’ என்ற தலைப்பில் போட்டன. அது அவசரம். பென்சில்வேனியா ஆய்வில் இருந்தவர்கள் எதிலிருந்தும் மாறியவர்கள் அல்லர். சுத்தமான தமனியில் புதிதாக ஆவியை அனுப்பினால் என்ன ஆகும் என்பதே அங்கே கேள்வி. ஏதென்ஸில் அளந்தது அந்தக் கணத்தின் அதிர்வு. அதுபோன்ற தற்காலிக விறைப்பைக் காப்பியும் தரும். காப்பி குடிப்பவர்கள் அதனால் மாரடைப்பில் விழுவதில்லை. சான் பிரான்சிஸ்கோ ஆய்வைத்தான் என்னால் அவ்வளவு எளிதாக ஒதுக்க முடியவில்லை. வேப் என்பது வெறும் நீராவி என்று நினைப்பவர்களுக்கு அது நல்ல மருந்து. இதுவரை சொன்னவற்றிலிருந்து ஒன்று தேறுகிறது. புகையே அறியாத இருபது வயது இளைஞர் வேப்பைத் தொட்டால் நஷ்டம் மட்டுமே. இருபது ஆண்டாகப் புகைத்தவர் சிகரெட்டை எறிந்துவிட்டு அதையே தொட்டால் தமனிக்கு லாபம் இருக்கிறது. பொருள் ஒன்று, வந்து சேரும் ஆள் வேறு.

ஆய்வுக்கூடத்தை விட்டு மக்கள்தொகைக்கு வந்தால் கதை இன்னும் சுவாரசியமாகிறது, கொஞ்சம் அசிங்கமாகவும் ஆகிறது. 2018இல் அமெரிக்கத் தேசிய நலக் கணக்கெடுப்பை வைத்து, தினமும் வேப் பிடிப்பவர்களுக்கு மாரடைப்பு வந்திருக்கும் வாய்ப்பு 1.79 மடங்கு என்று ஒரு கட்டுரை வந்தது. 2019 ஜூனில் கலிபோர்னியாவின் தர்மா பட்டாவும் புகையிலை எதிர்ப்பில் பழுத்த பேராசிரியர் ஸ்டான்டன் கிளான்ட்ஸும், வேறோர் அமெரிக்கக் கணக்கெடுப்பை வைத்து, வேப்பின் ஆபத்து சிகரெட்டைப் போன்றதே என்று அமெரிக்க இதயச் சங்கத்தின் ஆய்விதழ் ஒன்றில் எழுதினார்கள். உலகமெங்கும் செய்தியானது. லூயிவில் பல்கலைக்கழகத்தின் பிராட் ரோடு என்பவர் அதே தரவை எடுத்துப் பார்த்து ஓர் எளிய கேள்வி கேட்டார்: மாரடைப்பு எப்போது வந்தது, வேப் எப்போது தொடங்கியது? பலருக்கு மாரடைப்புதான் முந்தி வந்திருந்தது. சிகரெட்டால் மாரடைப்பு வந்து, பயந்துபோய் வேப்புக்கு மாறியவர்களைக் கூட்டிவைத்து, ‘பார், வேப் பிடிப்பவர்களுக்கு மாரடைப்பு அதிகம்’ என்று சொன்ன மாதிரி ஆகிவிட்டது. திருத்திய கணக்கை ஆய்விதழ் கேட்டது. குறித்த காலத்துக்குள் அது வரவில்லை. முடிவை நம்ப முடியாது என்று 2020 பிப்ரவரியில் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். ரோடுவின் ஆய்வுகளுக்குப் புகையிலை நிறுவனங்களின் பணம் வந்தது என்பதும் தெரிந்த விஷயம்தான். இந்தத் துறையில் யார் சொல்வதையும் பணம் எங்கிருந்து வந்தது என்று பார்க்காமல் கேட்க முடியாது. ஆனால் அவர் எடுத்துக்காட்டிய தேதிகள் தேதிகள்தானே.

இப்படிப்பட்ட ஒருநேரக் கணக்கெடுப்பைவிட, ஆட்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடரும் ஆய்வே மேல். பட்டாவும் கிளான்ட்ஸும் பயன்படுத்திய அதே அமெரிக்கத் தரவில் 2013 முதல் 2019 வரை 24,027 பேரைப் பின்தொடர்ந்த ஜோனதன் பெர்லோவிட்ஸ் குழு 2022இல் முடிவை வெளியிட்டது. வேப் மட்டும் பிடித்தவர்களுக்கு இதய, இரத்தக் குழாய் நோய் வரும் வாய்ப்பு, சிகரெட் மட்டும் பிடித்தவர்களைவிட மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்திருந்தது. எதையுமே தொடாதவர்களோடு ஒப்பிட்டால் தெளிவான வேறுபாடு தென்படவில்லை. சிகரெட்டும் வேப்பும் இரண்டும் பிடித்தவர்களின் ஆபத்து, சிகரெட் மட்டும் பிடித்தவர்களின் ஆபத்துக்குச் சமமாகவே நின்றது. ஹாக்‌ஷாவின் வளைகோடு சொன்னதும் இதைத்தான். இங்கும் ஒரு எச்சரிக்கை தேவை. வேப் மட்டும் பிடித்தவர்கள் பெரும்பாலும் இளையவர்கள். அவர்களில் நோய் கண்டவர்கள் குறைவு. மாரடைப்பைத் தனியாக, பக்கவாதத்தைத் தனியாக எடுத்துப் பார்த்தால் வித்தியாசம் உறுதிப்படும் அளவுக்கு எண்ணிக்கை இல்லை. 2024இல் கிளான்ட்ஸ் மறுபடியும் வந்து பல ஆய்வுகளைக் கோத்து, இதய நோயில் வேப்புக்கும் சிகரெட்டுக்கும் நிரூபிக்கத்தக்க வேறுபாடு இல்லை என்று எழுதினார். அவர் கோத்தவற்றில் பெரும்பாலானவை அதே ஒருநேரக் கணக்கெடுப்புகள். பழைய ஓட்டை அப்படியே இருக்கும்போது எண்ணிக்கையைக் கூட்டுவதால் அது அடைபடாது என்பது என் கருத்து.

மாறுகிறவர்களையே குறிவைத்த பெரிய ஆய்வு தென் கொரியாவுடையது. அங்கே தேசியக் காப்பீட்டின் கீழ் எல்லோருக்கும் குறித்த காலத்தில் உடல் பரிசோதனை நடக்கிறது. அதில் புகைப்பழக்கத்தையும் கேட்டுப் பதிகிறார்கள். அந்தப் பதிவிலிருந்து 51 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆண்களை எடுத்து, 2021இல் சியோல் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முடிவு சொன்னார்கள். சிகரெட்டை விட்டு இ-சிகரெட், சூடாக்கும் புகையிலை போன்ற புதுவகைப் பொருள்களுக்கு மாறியவர்களின் ஆபத்து, புகைத்துக்கொண்டே இருந்தவர்களைவிடக் குறைவு. ஆனால் எந்த மாற்றுப் பொருளும் இல்லாமல் சிகரெட்டை விட்டவர்களோடு ஒப்பிட்டால் 31 சதவீதம் அதிகம். ஐந்தாண்டுக்கும் மேல் சிகரெட்டே தொடாமல் இருந்துவிட்டுப் பிறகு இந்தப் புதுப் பொருளைப் பிடித்தவர்களுக்கு, அதைப் பிடிக்காத பழைய புகையாளிகளைவிட 70 சதவீதம் அதிகம். இந்தக் கடைசி எண்ணைத்தான் எல்லோருக்கும் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். ஏற்கெனவே மீண்டவருக்கு வேப் என்பது மறுபடியும் பள்ளத்தில் இறங்கும் படி. அதே கொரியாவில், ஸ்டென்ட் வைத்துக்கொண்ட 17,000க்கும் மேற்பட்ட புகையாளிகளைப் பின்தொடர்ந்த பிந்தைய ஆய்வொன்றில், சிகரெட்டை அறவே விட்டவர்களுக்கும் முழுதாக வேப்புக்கு மாறியவர்களுக்கும் அடுத்த பாதிப்பு வருவது தொடர்ந்து புகைத்தவர்களைவிடக் குறைந்திருந்தது.

நிகோட்டின் தனியாக இருந்தால் இதயத்தை என்ன செய்யும் என்று அறிய, புகையே இல்லாத ஒரு நாட்டுப் பழக்கத்தைப் பார்க்கலாம். ஸ்வீடனில் ஆண்கள் பலர் ஸ்னூஸ் என்ற ஈரப் புகையிலைப் பொட்டலத்தை உதட்டுக்கு உள்ளே வைத்துக்கொள்கிறார்கள். நிகோட்டின் தாராளம், புகை இல்லை. பல ஆய்வுகளைச் சேர்த்து 2012இல் பார்த்தபோது, ஸ்னூஸ் வைப்பவர்களுக்கு மாரடைப்பு கூடுதலாக வரவில்லை. ஆனால் வந்தால் பிழைப்பது கடினமாக இருந்தது. 2014இல் உப்சாலா ஆய்வாளர்கள், மாரடைப்புக்குப் பின் ஸ்னூஸைத் தொடர்ந்தவர்களையும் விட்டவர்களையும் ஒப்பிட்டார்கள். விட்டவர்களின் இறப்பு விகிதம் ஏறக்குறைய பாதி. ஆரோக்கியமான இதயம் நிகோட்டினைத் தாங்கிக்கொள்கிறது, அடிபட்ட இதயம் தாங்குவதில்லை என்று இதைப் படிக்கலாம். மாரடைப்புக்குப் பிறகு வேப்புக்கு மாறியவரிடம் ‘அடுத்து இதையும் விடுங்கள்’ என்று மருத்துவர் சொல்வதற்கு இதைவிட நல்ல ஆதாரம் என் கண்ணில் படவில்லை.

ஆனால் விடுவார்களா? லண்டனில் பீட்டர் ஹாயெக் நடத்திய ஆய்வில் 886 பேர். ஓராண்டு கழித்து, வேப் பெற்றவர்களில் 18 சதவீதம் பேர் சிகரெட்டை விட்டிருந்தார்கள். நிகோட்டின் பட்டை, கம் போன்றவற்றைப் பெற்றவர்களில் 9.9 சதவீதம். வேப்பின் வெற்றி இரட்டிப்புக்கு அருகில். ஆனால் அப்படி வெற்றி பெற்றவர்களில் 80 சதவீதம் பேர் ஓராண்டுக்குப் பின்னும் வேப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மற்ற தரப்பில் மருந்தைத் தொடர்ந்தவர்கள் 9 சதவீதம்தான். சுவிட்சர்லாந்தில் 1,246 பேரை வைத்து 2024இல் வெளியான ஆய்வும் இதே சித்திரத்தைத் தந்தது. சிகரெட்டை விட்டவர்கள் வேப் தரப்பில் அதிகம். நிகோட்டினையே விட்டவர்கள் மறுதரப்பில் அதிகம், 20.1 சதவீதத்துக்கு 33.7 சதவீதம். வேப் சிகரெட்டிலிருந்து நன்றாக இறக்கிவிடுகிறது. தன்னிடமிருந்து எளிதில் இறக்கிவிடுவதில்லை. முப்பது ஆண்டு இப்படி ஆவி இழுத்தவரின் தமனியைக் காட்ட உலகில் ஆளில்லை. சீன மருந்தாளர் ஹான் லிக் இந்தக் கருவியை உருவாக்கியதே 2003இல்தான்.

இந்தியாவுக்கு வந்தால் கேள்வியே வேறு உருவம் எடுக்கிறது. தடை வந்த அதே மாதங்களில் அமெரிக்காவில் வேப் பிடித்தவர்கள் நுரையீரல் பழுதாகி மருத்துவமனைகளில் குவிந்துகொண்டிருந்தார்கள். 2020 பிப்ரவரி வரை 68 பேர் இறந்தார்கள். முக்கியக் காரணம் கஞ்சாச் சாறு கலந்த கள்ளத் திரவத்தில் சேர்த்த வைட்டமின் இ அசிட்டேட் என்று பிறகு தெரிந்தது. இதயத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆனால் அந்த அச்சம் எல்லார் மனதிலும் படிந்துவிட்டது. இன்று இங்கே கள்ளத்தனமாகக் கிடைக்கும் வேப்பில் நிகோட்டின் எவ்வளவு என்பதற்கு யாரும் பொறுப்பில்லை. ஐரோப்பாவில் மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்று சட்டம் இருக்கிறது. டண்டீயிலும் லண்டனிலும் கிடைத்த முடிவுகள் அப்படிக் கட்டுப்படுத்திய பொருளுக்கு உரியவை. பையிலிருந்து எடுத்து நீட்டப்படும் பெயரில்லாத குழலுக்கு அவற்றை ஒட்டவைக்க முடியாது.

அதோடு, நம் ஊரில் புகைப்பவர்களில் சிகரெட் பிடிப்பவர் சிறுபான்மை. 2016–17 தேசியப் புகையிலைக் கணக்கெடுப்பில் வயது வந்தோரில் 4 சதவீதம் பேர் சிகரெட், 7.7 சதவீதம் பேர் பீடி. ஐம்பத்திரண்டு நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வு, பீடி மட்டும் பிடிப்பவருக்கு மாரடைப்பு வாய்ப்பு 2.89 மடங்கு என்று கணக்கிட்டது, சிகரெட்டுக்கு இளைத்ததல்ல. மெல்லும் புகையிலைக்கு 2.23 மடங்கு. கொத்தனாரோ மீனவரோ பீடியிலிருந்து ஆயிரக்கணக்கில் விலையுள்ள வேப்புக்கு மாறுவது நடக்கிற காரியமில்லை, சட்டம் அனுமதித்தாலும்.

அவர்களுக்குக் கையருகே இருப்பவை வேறு. 2 மில்லிகிராம் நிகோட்டின் கம் மருந்துக் கடையில் சீட்டில்லாமலே கிடைக்கிறது. பட்டையும், வாரனிக்ளின், புப்ரோபியான் மாத்திரைகளும் மருத்துவர் எழுதித் தருவார். எட்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த ஈகிள்ஸ் என்ற பெரிய ஆய்வில், பட்டையாலோ இந்த மாத்திரைகளாலோ மாரடைப்பு முதலிய இதயச் சிக்கல்கள் கூடியதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. நெஞ்சுவலி வந்தவருக்குக் கம் கொடுக்கவே தயங்குகிற பழைய பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. கம்மில் வருவது நிகோட்டின் மட்டும்தான், பீடியில் வருவது நிகோட்டினும் புகையும். எவ்வளவு கம் வேண்டும் என்று முடிவு செய்ய, நாளைக்கு எத்தனை பீடி என்பதைவிட, எழுந்து எத்தனை நிமிடத்தில் முதல் பீடி என்று கேட்பார்கள். அரை மணிக்குள் பற்றவைக்கிறவருக்கு 4 மில்லிகிராம், அதற்குப் பிறகு என்றால் 2. வெற்றிலை போல மென்று தள்ளக் கூடாது. காரம் தெரிந்ததும் கன்னத்தோரம் ஒதுக்கிவைத்து, காரம் அடங்கியதும் மறுபடி மெல்ல வேண்டும். இதைக் கடைக்காரர் சொல்லித் தராததாலேயே பலர் விக்கலும் வயிற்றெரிச்சலும் வந்து இரண்டு நாளில் கம்மைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பீடிக்குத் திரும்புகிறார்கள். 1800-112-356 என்ற இலவச எண்ணில் அழைத்தால் இதையெல்லாம் பொறுமையாகச் சொல்லித் தருவார்கள்.